ஓராண்டு வாசிப்பு–எழுத்துத் திட்டம்: இடைநிலை வகுப்புத் தமிழாசிரியருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆண்டுத் திட்டம் என்றால் பாடநூலின் பொருளடக்கத்தை மூன்று தவணைக்கும் பங்கிட்டு எழுதுவது என்று பல இடங்களில் ஆகிவிட்டது. மேற்பார்வைக்கு வருபவருக்கு அது போதும், பிள்ளைக்குப் போதாது. அலகெல்லாம் முடிந்திருக்கும். கொப்பியும் நிறைந்திருக்கும். ஆனால் தானாக ஒரு பந்தி எழுதத் தெரியாமலே பிள்ளை அடுத்த தரத்துக்குப் போய்விடும்.

இங்கே தரும் திட்டம் ஒரு தெரிவின்மேல் நிற்கிறது. இருபது கட்டுரை கொடுத்து அரைகுறையாகத் திருத்துவதை விட்டு, ஆண்டுக்கு ஆறு ஆக்கங்களை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றையும் பிள்ளை இரண்டு தடவை எழுதும்படி செய்வது. ஒவ்வோர் ஆக்கத்துக்கும் முன் அதே வகையான எழுத்தை வாசிக்கவைப்பது. உதாரணங்களுக்கு யாழ்ப்பாணப் பாடசாலை ஒன்றின் தரம் 8ஐ எடுத்திருக்கிறோம். தரம் 6 முதல் 9 வரை சிறு மாற்றத்துடன் பொருந்தும்.

முதலில் பாடவேளைகளை எண்ணுங்கள்

தவணை ஒன்றுக்கு 13 கிழமை, கிழமைக்கு 40 நிமிடப் பாடவேளை ஐந்து என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 195 பாடவேளை வரும். இந்த எண்ணை நம்பித் திட்டம் போட்டால் யூலைக்குள் திட்டம் கிழிந்துவிடும். கழிக்கவேண்டியவற்றைக் கழியுங்கள்.

தவணைப் பரீட்சைக்கும் அதை ஒட்டிய மீட்டலுக்கும் தவணைக்கு இரண்டு கிழமை, ஆக 30. இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கும் அதன் பயிற்சிக்கும் 8. போயா, பொது விடுமுறை, வாணி விழா, பரிசளிப்பு, தமிழ்த்தினப் போட்டி ஒத்திகை எல்லாம் சேர்த்து 15. ஆசிரியரின் லீவும் செயலமர்வும் 7. மிஞ்சுவது 135. அதிலிருந்து 10ஐ எதற்கும் ஒதுக்காமல் வெறுமையாக விடுங்கள். கார்த்திகை, மார்கழி மழையில் ஒழுங்கைகளில் வெள்ளம் நிற்கும்போது பாதி வகுப்புத்தான் வரும். அந்த நாட்களுக்கு இந்தப் பத்தும் வேண்டும்.

ஆகக் கையில் இருப்பது 125. அதை இப்படிப் பிரிக்கலாம்: பாடநூல் அலகுகளுக்கு 60, ஆறு எழுத்தாக்கங்களுக்கு ஐந்து ஐந்தாக 30, இலக்கணத்துக்கு 15, கிரகித்தலுக்கும் சுருக்கத்துக்கும் 12, தொடக்க மதிப்பீட்டுக்கும் இடை மதிப்பீடுகளுக்கும் 8. இந்த எண்கள் உங்கள் பாடசாலையில் மாறலாம். கூட்டல் மட்டும் சரியாக வரவேண்டும். பாடநூலுக்கு 60 போதாது என்று தோன்றினால், எந்த அலகுகளை மௌன வாசிப்புக்கும் வீட்டு வாசிப்புக்கும் விடலாம் என்று இப்போதே அடையாளமிடுங்கள். எழுத்தாக்கத்திலிருந்து மட்டும் வெட்டாதீர்கள். வெட்டுவதற்கு இலேசானது அதுதான் என்பதால் ஒவ்வோர் ஆண்டும் முதலில் போவதும் அதுவாகவே இருக்கிறது.

திட்டத்தில் திகதி போடாமல் கிழமை எண் போடுங்கள். அண்மைய ஆண்டுகளில் தவணை தொடங்கும் நாள் பலமுறை மாறியதால், திகதி போட்ட திட்டங்களை முதலிலிருந்து எழுதவேண்டி வந்தது. ‘தவணை 1, கிழமை 6’ என்றிருந்தால் அது தானாக நகரும்.

எழுத்தாக்கத்தின் ஐந்து பாடவேளைகளும் ஒரே கிழமையில் வரவேண்டும். நல்லூர்த் தேர், தீர்த்தத்தை ஒட்டிய கிழமையிலும், விளையாட்டுப் போட்டிக் கிழமையிலும், பரீட்சைக்கு முந்திய இரண்டு கிழமையிலும் அவற்றை வைக்காதீர்கள். இடையில் நாலு நாள் விடுபட்டால், எதைப் பற்றி எழுதுகிறோம் என்ற சூடே ஆறிவிடும்.

முதல் இரண்டு கிழமை: பிள்ளை எங்கே நிற்கிறது?

போன ஆண்டுப் புள்ளிப் பட்டியல் இதைச் சொல்லாது. மூன்று வேலைகள் செய்யுங்கள்.

ஒன்று, உதவியில்லாத எழுத்து. 20 நிமிடம், ஒரு பக்கம். தலைப்பு ‘எனது பொழுதுபோக்கு’, ‘நூலகத்தின் பயன்’ என்று இருக்கக் கூடாது. அவை பிள்ளைகளுக்கு மனப்பாடம். கட்டுரைத் தொகுதியில் உள்ளதும் ரியூசனில் கொடுத்ததும் அப்படியே வந்து இறங்கும். ‘வீட்டுப் படலையிலிருந்து பாடசாலை வாசல்வரை நான் காண்பவை’ என்று கொடுங்கள். இதற்கு எந்தக் கடையிலும் விடை இல்லை.

இரண்டு, மௌன வாசிப்பு. 200 சொல் அளவில் முன்பு காணாத ஒரு பகுதி, ஆறு வினா. இரண்டுக்கு விடை நேரே பகுதியிலேயே இருக்கும். இரண்டை ஊகித்துச் சொல்லவேண்டும். ஒன்று சொற்பொருள், ஒன்று தலைப்பிடல். முதல் இரண்டில் முழுப்புள்ளியும் ஊகத்தில் பூச்சியமும் எடுக்கும் பிள்ளைகள் கணிசமாக இருப்பார்கள். அவர்களுக்கு வாசிக்கத் தெரியும். ஆனால் வினாவிலுள்ள சொல்லைப் பகுதியில் தேடிப் பிடித்து, அந்த வரியை அப்படியே பார்த்து எழுதத்தான் பழகியிருக்கிறார்கள்.

மூன்று, ஒரு நிமிட உரத்து வாசிப்பு. ஒவ்வொருவராக, மற்றவர்கள் எழுதிக்கொண்டிருக்கும்போது மேசையடிக்கு அழைத்துச் செய்யுங்கள். சரியாக வாசித்த சொற்களை எண்ணி, தடக்கிய எழுத்துகளைக் குறியுங்கள். ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று அட்டவணைகள் உண்டு. அவற்றைத் தமிழுக்கு எடுக்கக் கூடாது. ‘போய்க்கொண்டிருந்தபோது’ எங்களுக்கு ஒரே சொல், அங்கே மூன்று நாலு. உங்கள் வகுப்பின் நடு எண்ணை (எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதை) வைத்தே ஒப்பிடுங்கள். அந்த எண்ணின் பாதிக்கும் கீழே வாசிக்கும் பிள்ளைக்குத் தனிக் கவனிப்பு வேண்டும்.

அப்படி இரண்டு மூன்று பேராவது அனேகமாக இருப்பார்கள். அவர்களை ‘மெல்லக் கற்போர்’ என்று ஒரு வாங்கில் இருத்திவிட்டுப் பாடநூலைத் தொடர்வது அநீதி. பெரும்பாலும் 247 எழுத்தும் தெரியாதவர்கள் அல்லர். தடக்குவது சில இடங்களில்தான்: எழுத்துக்கு முன்னால் வரும் கொம்பு, கொம்பும் அரவும் சேர்ந்து வரும் கொ–கோ வரிசை, குற்றுள்ள மெய் இரண்டு அடுத்தடுத்து வரும் சொற்கள் (வாழ்க்கை, மகிழ்ச்சி). கிழமைக்கு மூன்று நாள், பத்துப் பத்து நிமிடம், ஒரு தடக்கலை மட்டும் எடுத்து, அது வரும் பத்துச் சொல்லும் இரண்டு வசனமும் வாசிக்கவையுங்கள். பழைய தரம் 3 புத்தகத்தைக் கையில் கொடுத்து வெட்கப்படுத்தாதீர்கள். வயதுக்கேற்ற விடயத்தைச் சிறு வசனங்களில் நீங்களே எழுதிக் கொடுங்கள். கிரிக்கெட், சைக்கிள் திருத்தம், கடல் எதுவானாலும் சரி.

வாசிப்புக்கு நேரமும் பொருளும்

கிழமையில் மூன்று நாள் பாடவேளையின் முதல் 10 நிமிடம் தானாக வாசிப்பதற்கு. ஆசிரியரும் வாசிக்கவேண்டும். அந்த நேரத்தில் இடாப்புக் கூப்பிடுவது, கொப்பி சேர்ப்பது எல்லாம் தொடங்கினால் ஒரு மாதத்தில் அது பேருக்கு ஒரு நேரமாகிவிடும். பாடநூல் பாடவேளைகளிலேயே இதை எடுத்துக்கொள்ளலாம்.

36 பேருள்ள வகுப்புக்கு 50 புத்தகம் வேண்டும். எல்லாருக்கும் ஒன்று, மாற்றி எடுக்க மேலதிகமாகச் சில. ஒரு காட்போட் பெட்டி போதும். பாடசாலை நூலகத்திலிருந்து தவணைக்கு ஒருமுறை மொத்தமாக இரவல் எடுக்கலாம். மெல்லிய புத்தகங்கள் பாதியாவது இருக்கட்டும், முடித்த புத்தகம்தான் அடுத்ததை எடுக்கவைக்கும். இரவல் பதிவைப் பிள்ளைகளிடமே ஒப்படையுங்கள். தொலைந்த புத்தகத்துக்குக் காசு அறவிடும் விதியை முதல் நாளே அறிவித்தால் வறிய பிள்ளை பெட்டிக்குக் கிட்டவும் வராது. ஆண்டுக்கு நாலைந்து தொலையும் என்று எண்ணிக்கொண்டே தொடங்குங்கள்.

பத்திரிகை மலிவான பாடப்பொருள். உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றின் பழைய பிரதிகள் பத்துச் சேர்த்தால் செய்தி, விளம்பரம், மரண அறிவித்தல், ஆசிரியர் தலையங்கம், வாசகர் கடிதம் என்று ஐந்து வகை எழுத்து ஒரே கட்டில் கிடைத்துவிடும். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் ஈழத்துப் பத்திரிகைகளும் சிறுவர் சஞ்சிகைகளும் இலவசமாக உள்ளன. வேண்டிய இரண்டு பக்கத்தைப் போட்டோக் கொப்பி எடுத்தால் போதும், முழு நூலை அடிக்கத் தேவையில்லை.

ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். பெரும்பாலும் பேச்சுப் போட்டியும் பதாகையுமாகக் கழிகிறது. அந்த மாதத்தில் ஒரு நாள் வகுப்பை யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குக் கூட்டிப்போங்கள். 1981இல் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களையும் சுவடிகளையும் இழந்த கட்டடம் அது என்பதை அங்கே நின்று சொல்லும்போது பிள்ளைகள் கேட்கிற கேள்விகளே ஒரு பாடவேளைக்குக் காணும். போவதற்கு முன் ஒவ்வொருவரும் தேடவேண்டிய ஒன்றைக் கொடுத்துவிடுங்கள்: தன் ஊரின் பெயர் வருகிற ஒரு நூலைக் கண்டுபிடித்து, அதிலிருந்து மூன்று வரி எழுதி வருவது. தேட ஒன்றும் இல்லாமல் போனால் படிக்கட்டில் படம் எடுத்துக்கொண்டு திரும்பி வருவார்கள்.

ஊகித்து வாசிப்பதைக் கற்பிக்க நீண்ட பகுதி வேண்டாம். மூன்று வரி போதும். இப்படிக் கரும்பலகையில் எழுதுங்கள்:

“பஸ் வந்து நின்றது. அம்மா பையைத் தூக்கிக்கொண்டு இரண்டாந்தரமும் திரும்பிப் பார்த்தாள். ஒழுங்கை வெறுமையாகக் கிடந்தது.”

‘அம்மா என்ன செய்தாள்?’ என்று கேட்டால் எல்லாரும் சொல்வார்கள். ‘அம்மா யாரையோ எதிர்பார்க்கிறாளா?’ என்று கேளுங்கள். ஓம் என்பார்கள். ‘எதிர்பார்க்கிறாள் என்று இங்கே எழுதியில்லையே, எந்தச் சொல் உனக்குச் சொன்னது?’ இதுதான் பாடம். சிலர் ‘வெறுமையாக’ என்பார்கள். ஒருத்தி ‘இரண்டாந்தரமும்’ என்பாள். அந்தச் சொல்லை அழித்துவிட்டு மறுபடி வாசிக்கவையுங்கள். எதிர்பார்ப்புக் குறைவதை அவர்களே காண்பார்கள். 12 கிரகித்தல் பாடவேளைகளில் ஆறையாவது இப்படி ‘எந்தச் சொல் சொன்னது?’ என்ற ஒரே கேள்வியில் நடத்துங்கள். மற்ற ஆறும் வினாத்தாள் பாணிக் கிரகித்தலுக்கும், மூன்றில் ஒன்றாகச் சுருக்கும் பயிற்சிக்கும்.

ஆறு ஆக்கங்கள், அவற்றின் ஒழுங்கு

கண்ணால் கண்டதில் தொடங்கி, பிறகுதான் கருத்துக்குப் போகவேண்டும். ‘சூழல் மாசடைதல்’ என்று ஜனவரியில் கொடுத்தால், பிள்ளைக்குத் தன் சொல் ஒன்றுமில்லாததால் இரவல் சொல்தான் வரும்.

முதலாம் தவணையில் இடமொன்றை விபரித்தல், பிறகு செய்முறை சொல்லுதல் (ஒடியற்கூழ் காய்ச்சுவது, சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போடுவது). செய்முறை எழுத்து ஒழுங்கைக் கற்பிக்கும். ஒரு படி விட்டால் கூழ் பிழைக்கும் என்பதால், வாசிக்கிற தோழனே பிழையைப் பிடித்துவிடுவான். இரண்டாம் தவணையில் முறைசார் கடிதம் (ஒழுங்கையின் மின்விளக்கு எரியவில்லை என்று பிரதேச சபைக்கு), பிறகு பாடசாலை நிகழ்வு பற்றிய செய்தி. கடிதத்தை உண்மையில் தபாலில் சேருங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும், உரியவர் வாசிப்பார் என்று எழுதும் கடிதத்தில் ‘தங்கள் மேலான கவனத்துக்கு’ என்ற வெறும் வரிக்கு மேலே ஏதாவது இருக்கும். மூன்றாம் தவணையில் சிறு கதைகூறல், கடைசியாகக் கருத்தை நிறுவும் கட்டுரை. ‘ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ரியூசன் வேண்டுமா?’ போன்று, வகுப்பில் இரண்டு பக்கமும் ஆள் இருக்கும் தலைப்பாக எடுங்கள்.

ஐந்து பாடவேளையும் இப்படிப் போகும்:

1. அந்த வகை எழுத்தில் நல்ல மாதிரி ஒன்றை வாசித்து, எழுதியவர் எங்கே தொடங்கினார், எதை விட்டார், எந்தச் சொல்லால் காட்டினார் என்று பார்ப்பது.
2. பேசிச் சேர்த்தல். சோடியாக இருந்து ஒருவருக்கொருவர் சொல்லி, கேட்டவர் மூன்று கேள்வி கேட்பது. பிறகு குறிப்பு, பத்து வரிக்கு மேற்படாமல்.
3. முதல் எழுத்து. 25 நிமிடம் அமைதியாக. எழுத்துப் பிழைக்குப் பயந்து நிறுத்தவேண்டாம் என்று சொல்லுங்கள். இடப்பக்கத்தை வெறுமையாக விட்டு வலப்பக்கத்தில் மட்டும் எழுதவேண்டும்.
4. ஆசிரியரின் ஒரு கேள்வியுடன் கொப்பி திரும்பும். வகுப்புக்குப் பொதுவான ஒரு குறையை எடுத்து 15 நிமிடப் பாடம், மிச்ச நேரம் இடப்பக்கத்தில் திருத்தமும் சேர்ப்பும்.
5. இரண்டாம் எழுத்து, முழுவதும் புதிதாக.

மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் இடையில் ஆசிரியர் செய்யவேண்டியதுதான் முழுத் திட்டத்தின் அச்சாணி. முதல் எழுத்தில் சிவப்புப் பேனையால் பிழை சுழிக்காதீர்கள். ஒரேயொரு கேள்வி எழுதுங்கள். சந்தை பற்றி இப்படியொரு பந்தி வருகிறது என்று வையுங்கள்:

“எங்கள் ஊர் சந்தை மிகவும் அழகானது. அங்கே நிறைய மரக்கறிகள் இருக்கும். நிறைய சனங்கள் வருவினம். எனக்கு எங்கள் சந்தையை மிகவும் பிடிக்கும்.”

இதில் பிழை சுழித்தால் இரண்டு ‘ச்’சும் ஒரு ‘வருவார்கள்’உம் கிடைக்கும். பந்தி அப்படியேதான் இருக்கும். ‘நீ எத்தனை மணிக்குப் போனாய், உள்ளே போனதும் காலில் என்ன பட்டது?’ என்று கேளுங்கள். இரண்டாம் எழுத்து இப்படி மாறக்கூடும்:

“விடிய ஆறு மணிக்கு மருதனார்மடம் சந்தைக்குள் போனால் செருப்பு நனையும். கீரைக்கட்டுகளுக்குத் தெளித்த தண்ணீர் நிலமெல்லாம் ஓடும். வெங்காயம் விற்கும் ஆச்சி தராசைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, என் அம்மாவைப் பார்க்காமலே விலை சொன்னா.”

‘அழகானது’ போய்விட்டது. யாரும் வெட்டச் சொல்லவில்லை. சொல்ல வேறு கிடைத்ததால் அது தானாக விழுந்தது. ‘சொன்னா’வை என்ன செய்வது என்பதைக் கீழே பார்ப்போம்.

நேரக் கணக்கு: 36 கொப்பிக்கு ஒரு கேள்வி எழுத மூன்று நிமிடப்படி 108 நிமிடம். இரண்டாம் எழுத்தைத் திருத்த ஐந்து நிமிடப்படி 180 நிமிடம். நாலு வகுப்பு எடுப்பவர் நாலையும் ஒரே கிழமையில் வைத்தால் இரண்டாம் எழுத்துக்கே 12 மணித்தியாலம் ஆகும், அது நடக்காது. ஆகவே வகுப்புகளைக் கிழமை கிழமையாகத் தள்ளி வையுங்கள். 8அ மூன்றாம் கிழமை, 8ஆ நாலாம் கிழமை என்று திட்டத்தாளிலேயே எழுதிவிடுங்கள். பலரும் இரண்டாம் ஆக்கத்தோடு கைவிடுவது இந்தத் தள்ளிவைப்பு இல்லாததால்தான்.

புள்ளி 20க்கு: உள்ளடக்கம் 8, ஒழுங்கு 4, சொல்லும் வசனமும் 5, எழுத்துப் பிழையும் நிறுத்தக்குறியும் 3. கடைசிப் பகுதிக்கு மூன்றுக்கு மேல் கொடுத்தால், பிழை வரும் என்று பயந்து தெரிந்த சொல்லையே பிள்ளை திரும்பத் திரும்ப எழுதும்.

பேச்சும் எழுத்தும்

யாழ்ப்பாணப் பேச்சு பிழையான தமிழ் அல்ல. இதை ஆண்டின் தொடக்கத்தில் வகுப்பில் உறுதியாகச் சொல்லவேண்டும். வீட்டுப் பேச்சைப் பிழை என்று கேட்ட பிள்ளை வாய் திறக்காது, வாய் திறக்காத பிள்ளை எழுதவும் மாட்டாது. கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இரண்டு நிரல் போடுங்கள். இடப்பக்கம் பேச்சு, வலப்பக்கம் எழுத்து: வாறன்–வருகிறேன், வருகினம்–வருகிறார்கள், போகேக்கை–போகும்போது, எங்கடை–எங்களுடைய, சொன்னா–சொன்னார். ஆண்டு முழுவதும் இது வளரட்டும். கதையில் பாத்திரம் பேசும் இடத்தில் இடப்பக்கச் சொல்லையே எழுதலாம், எழுதவேண்டும். ஆச்சி ‘வெங்காயம் என்ன விலைக்கு விற்கப்படுகிறது என்றால்’ என்று பேசமாட்டா. எடுத்துரைக்கும் வரிகளில் வலப்பக்கம். எது எங்கே என்று தெரிந்து எழுதும் பிள்ளை இரண்டையும் ஆளும்.

இலக்கணத்துக்குரிய 15 பாடவேளையைப் பாடநூல் ஒழுங்கில் மட்டும் செலவிடாதீர்கள். முதல் எழுத்துகளில் வந்த பிழைகளை எண்ணி, அதிகம் வந்ததிலிருந்து தொடங்குங்கள். வழக்கமாக முன்னுக்கு நிற்பவை இவை: முற்றுப்புள்ளி இல்லாமல் ‘பின்பு… பின்பு’ என்று அரைப்பக்கம் ஓடும் வசனம், ‘மரங்கள் நின்றது’ போன்ற எழுவாய்–பயனிலை முரண், ழகரத்தை ளகரமாக ஒலிக்கும் பழக்கத்தால் வரும் ‘பளம்’, ‘வாளைக்குலை’, அறை–அரை, கறை–கரை மயக்கம், வல்லினம் மிகும் இடங்கள்.

வல்லினம் மிகுதலுக்கு முழு விதித்தொகையை ஒரே நாளில் கொட்டவேண்டாம். தரம் 8க்கு நாலு போதும்: ஐ உருபுக்குப் பின் (சந்தையைப் பார்த்தேன்), கு உருபுக்குப் பின் (கடைக்குப் போனேன்), அகரத்தில் முடியும் வினையெச்சத்துக்குப் பின் (படிக்கப் போனேன்), ‘எடுத்து’, ‘கேட்டு’ போன்ற வன்தொடர் வினையெச்சத்துக்குப் பின் (எடுத்துக் கொடுத்தேன்). கூடவே மிகாத ஒன்றைச் சேருங்கள்: ‘வந்த பையன்’. இல்லாவிட்டால் கண்ட இடமெல்லாம் ‘ப்’ போடத் தொடங்குவார்கள். ஒரு விதி, ஒரு பாடவேளை, அதே கிழமையில் சொந்தக் கொப்பியில் அந்த விதிக்கு மட்டும் தேடித் திருத்தல். சொல்வதெழுதுதலுக்கும் பாடநூலின் கடினச் சொற்களை எடுக்காமல், பிள்ளைகள் தங்கள் ஆக்கங்களில் பிழையாக எழுதிய சொற்களையே பத்தாகச் சேர்த்துக் கொடுங்கள்.

ஒவ்வொரு தவணை முடிவிலும்

பரீட்சை முடிந்த பின்னான இரண்டு நாளில், தொடக்கத்தில் செய்த ஒரு நிமிட வாசிப்பையும் 20 நிமிட எழுத்தையும் திரும்பச் செய்யுங்கள். எழுத்தின் தலைப்பு முதல் தடவை கொடுத்ததற்குக் கிட்டியதாக இருக்கட்டும். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வசனம் நீண்டிருக்கிறதா, பார்த்த பொருள்களின் பெயர் வந்திருக்கிறதா, பந்தி பிரிந்திருக்கிறதா? ஒன்றும் மாறாத பிள்ளைகள் மூன்றிலொரு பங்குக்கு மேல் இருந்தால் குறை திட்டத்தில்தான். அடுத்த தவணையில் ஒரு பாடநூல் அலகைக் குறைத்து, இரண்டாம் எழுத்துக்கு இன்னுமொரு பாடவேளை கொடுங்கள்.

மூன்றாம் தவணையின் கடைசிக் கிழமையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கடித உறை. உள்ளே ஜனவரித் தாள், கடைசித் தாள், ஆறில் பிள்ளை தானே தெரிவுசெய்த ஓர் ஆக்கத்தின் இரண்டு எழுத்தும். மேலே மூன்று வரி: எந்த எழுத்தில் தடக்குகிறது, எந்த வகைப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி வாசிக்கிறது, எந்தக் கேள்வி கேட்டால் எழுதத் தொடங்குகிறது. 36 உறையையும் ஒரு பெட்டியில் போட்டு, தரம் 9 எடுக்கப்போகும் ஆசிரியரின் மேசையில் விடுமுறைக்கு முன்பே வைத்துவிடுங்கள்.